வலப்பக்கத்து மரையாணி

துருவை யாழ்ப்பாணத்தார் கறள் என்பர். கிணற்றுக் கப்பி, படலைக் கொண்டி, தையல் இயந்திரத்தின் மிதி, சைக்கிள் மட்காட் என்று கடலோர வீடுகளில் கறள் தீண்டாத இரும்பு இல்லை. கறளைக் குறித்து மனிதர் பெரிதாகச் சிந்திப்பதில்லை. அது மெல்ல வருவது, ஓசையின்றி வருவது, ஒரு நாளில் இவ்வளவு என்று எவராலும் அளந்து சொல்ல இயலாதது. வாசற்படலை ஒருநாள் கையோடு கழன்று வரும்போதுதான் அது இத்தனை காலமாக உண்ணப்பட்டு வந்தது என்பது தெரியவருகின்றது.

இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடுமிடத்திற் கறள் பிறக்கும் என்பது பள்ளிக்கூடத்திற் படித்த செய்தி. உப்புக் கலந்த ஈரம் அவ்வினையை விரைவுபடுத்தும் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆயின் கழற்றுகின்ற தொழிலாளி மட்டுமே தன் கைகளால் அறிந்த உண்மை ஒன்றுண்டு. கறளானது இரும்பைத் தின்பதோடு நில்லாது, தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடத்தையும் பிடித்துக்கொள்கின்றது. ஒரு பங்கு இரும்பு கறளாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். திறந்த வெளியில் அது பொருக்காக உதிர்ந்துவிடும். ஒரு குழாய்க்குள் செருகிய மரையாணியைச் சுற்றிப் பிறந்தாலோ உதிர்வதற்கு அதற்கு வழியில்லை. மயிரிழை இடைவெளியையும் நிரப்பி, ஆணியையும் குழாயையும் நெருக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றது. மனிதன் கழற்றுவதற்கென்றே பூட்டிய ஒன்று கழற்றமுடியாததாகிவிடுவது இவ்வாறுதான்.

பழைய மோட்டார் வண்டிகளைத் திருத்துவோர் பொழுதிற் பெரும்பகுதி இந்தப் பிணைப்போடு மல்லுக்கட்டுவதிலேயே கழிகின்றது. புதிய உறுப்பொன்றைப் பூட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். பழையதைக் கழற்றுவதற்கு மூன்று நாள் வேண்டும். 2023ஆம் ஆண்டு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் வீட்டுக் கொட்டிலில் நிகழ்ந்ததும் அத்தகையதொரு கழற்றலே.

கொட்டிலில் நின்றது ஓர் எம்.ஜி.பி. கார். இரண்டு பேர் அமர்வதற்கான, மேல்மூடி திறக்கக்கூடிய விளையாட்டுக் கார். எம்.ஜி. என்னும் இரண்டு எழுத்துகளும் ஒக்ஸ்ஃபோட் நகரில் இருந்த 'மொறிஸ் கராஜஸ்' என்னும் நிலையத்தின் முதலெழுத்துகளாகும். கார்களை விற்கவும் திருத்தவும் நடத்தப்பட்ட ஓரிடத்திலிருந்து அந்த விளையாட்டுக் கார் மரபு பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1929இலிருந்து அபிங்டன் என்னும் சிற்றூர்த் தொழிற்சாலையில் அவை செய்யப்பட்டன. எம்.ஜி.பி. 1962இல் வெளிவந்தது, 1980இல் அத்தொழிற்சாலை மூடப்படும்வரை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து புறப்பட்டன.

அதற்கு முந்திய எம்.ஜி.ஏ. காரிற் கனத்த இரும்புச் சட்டகம் ஒன்று அடியிலிருந்தது. உடல் அதன்மேல் வைத்துப் பூட்டப்பட்டது. எம்.ஜி.பி.யிற் சட்டகம் தனியே இல்லை. தகடுகளை மடித்து ஒட்டிச் செய்த உடலே பாரத்தைத் தாங்கும். பாரம் குறைவு, உறுதி கூடுதல். ஆனால், இந்த நன்மைக்குள் ஒரு தீமையும் மறைந்திருக்கின்றது. சட்டகம் உள்ள காரிற் கதவோ தளமோ கறள் பிடித்தால் அது தோலில் வந்த நோய். உடலே சட்டகமான காரில் அது எலும்பில் வந்த நோய்.

பின்புறத்தின் அமைப்போ மிகப் பழையது. குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்த தகட்டு வில்கள் இரண்டு, பக்கத்துக்கொன்றாக நீளவாட்டில் கிடக்கின்றன. ஒவ்வொரு வில்லும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகளால் ஆனது. அதன் நடுப்பகுதியிற் பின்னச்சு அமர்ந்திருக்கும். வளைந்த 'யூ' வடிவ மரையாணிகள் பக்கத்துக்கு இரண்டாக அச்சையும் வில்லையும் சேர்த்துக் கட்டியிருக்கும். வில்லின் பின்னுனி 'சக்கிள்' என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். வில் நிமிரும்போதும் வளையும்போதும் மாறுகின்ற நீளத்துக்கு அது இடங்கொடுக்கும். முன்னுனியில் வளையம் ஒன்று உண்டு. அந்த வளையத்தின் உள்ளே றப்பர் புஷ். றப்பரின் நடுவே ஓர் உருக்குக் குழாய். குழாயினூடே சென்று உடலின் தாங்கியோடு இறுக்கப்பட்ட நீண்ட மரையாணி. பின்னச்சு காரை முன்னே தள்ளும் தள்ளுகையெல்லாம் இந்த மரையாணி வழியாகத்தான் உடலைச் சென்றடைகின்றது. சில்லுகள் வாரியடிக்கும் சேறும் நீரும் முதலிற் சென்றடையும் இடங்களில் ஒன்றும் அதுவே.

இலங்கையில் இத்தகைய கார்கள் நெடுங்காலம் உயிர்வாழ்ந்ததற்குக் காரணம் அவற்றின் உறுதி மட்டுமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதிய கார் என்பது பலருக்கு எட்டாக் கனி. ஆகவே வந்திருந்தவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டினர். நுவரெலியாவில் 1930களில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியிற் கலந்துகொள்ள ஆசைப்பட்ட தோட்டத்துரைமார் சிலர் கொண்டுவந்த விளையாட்டுக் கார்கள், அவர்கள் ஊர் திரும்பியபின் கொழும்பிற் கைமாறின. 2020இல் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு 2025 வரை அந்நிலை நீடித்தபோது, கொட்டில்களில் உறங்கிய பழைய கார்களுக்கு மீண்டும் விலையேறியது.

வெள்ளவத்தைக் கார் ஒரு பொறியியலாளருடையது. தோட்டத்துரை ஒருவரிடமிருந்து 1971இல் அவர் அதனை வாங்கினார். 2003இல் அவர் காலமானபின் கார் கொட்டிலை விட்டு அசையவில்லை. அவருடைய மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒழுங்கையில் யாவரும் அவரை 'ரீச்சர்' என்றே அழைத்தனர். எழுபத்தெட்டு வயதில், வேலைக்கு வரும் பெண்ணைத் தவிர வேறு துணையின்றி அவ்வீட்டில் அவர் இருந்தார். ஒரே மகன் கனடாவில். தாயையும் அங்கே அழைத்துவிட வேண்டும், வீட்டையும் காரையும் விற்றுவிட வேண்டும் என்பது அவனுடைய பல வருட வேண்டுகோள். வீட்டைப் பற்றி ரீச்சர் மறுமொழி சொல்வதில்லை. காரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது நிக்கட்டும்" என்பார்.

2023இல் பழங்கார் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். காரின் கீழே மின்சூளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கத்து வில்லின் தகடொன்று முறிந்திருக்கின்றது, இனி இது ஓடும் காரன்று, உறுப்புகளின் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். மகனுக்கு அது நல்ல விலையாகப் பட்டது. ரீச்சர் அன்றிரவு நெடுநேரம் யோசித்து ஒரு முடிவு சொன்னார். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்ப்பது. வில் பூட்டியிருக்கும் தாங்கி பழுதில்லையென்றால் கார் வீட்டில் நிற்கும். தாங்கி உக்கியிருந்தால் வியாபாரி கொண்டுபோகலாம். காரோடு சேர்ந்து வீட்டின் கதையும் அதில் முடிந்துவிடும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கேட்டவர்களுக்கு விளங்கிற்று.

வேலையை ஏற்றவர் எழுபதைக் கடந்த மெக்கானிக் ஒருவர். யாழ்ப்பாணத்தில் கராச் நடத்தியவர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திற் பெற்றோல் கிடையாதபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடச்செய்த கைகள் அவருடையவை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு கராச் போயிற்று. வன்னி வழியாகக் கொழும்புக்கு வந்து, பிறருடைய கராச்சுகளில் வேலை செய்து, முதுமையில் ஓய்ந்திருந்தார். அவருக்குக் கையுதவியாக வந்தவன் ரீச்சரின் பெறாமகன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த இளைஞன். அவனுக்கு யப்பானியக் கார்கள் நன்கு பழக்கம்.

முதல் நாள் அவன் கொண்டுவந்த ஸ்பனர் பெட்டியை முதியவர் திறந்து பார்த்து மூடிவிட்டார். எல்லாம் மில்லிமீற்றர் அளவு. எம்.ஜி.பி.யின் சுரைகள் அங்குல அளவின. ஒன்பது பதினாறில் அங்குலம் என்பது பதினான்கு மில்லிமீற்றருக்குச் சற்றே கூடியது. பதினான்கு ஏறாது, பதினைந்து வழுக்கும். நல்ல நிலையில் உள்ள சுரை பதினைந்தின் குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். கறள் பிடித்த சுரையோ ஒருமுறை வழுக்கினால் அதன் மூலைகள் மழுங்கிவிடும். பின்னர் எந்த ஸ்பனருக்கும் அது பிடி கொடாது. பொருந்தாத கருவியோடு தொடங்குவதைவிடத் தொடங்காதிருப்பது நன்று என்பது முதியவரின் முதற்பாடம். இளைஞன் பஞ்சிகாவத்தைக்குப் போய் அங்குல அளவு ஸ்பனர்களைத் தேடி வாங்கிவந்தான்.

இரண்டாவது பாடம் காரைத் தூக்குவதில் அமைந்தது. காரை ஜக்கினால் உயர்த்தி, அதன் பாரத்தை உடலின் உறுதியான பகுதிகளுக்குக் கீழே வைத்த இரும்புத் தாங்குகால்களில் இறக்கினார்கள். ஜக்கை நம்பிக் காரின் கீழே தலையை நீட்டியவர்களின் கதைகள் முதியவருக்குப் பல தெரியும். ஒன்றைக்கூட அவர் முழுமையாகச் சொல்லவில்லை. பின்னச்சுக்குக் கீழே வேறொரு ஜக் வைக்கப்பட்டது. வில் என்பது சுருட்டி வைத்த விசை. அச்சைத் தாங்காமற் கட்டுகளை அவிழ்த்தால் அந்த விசை எங்கே பாயும் என்று எவராலும் சொல்லமுடியாது. வில்லில் இழுவையும் நெருக்கமும் இல்லாத நிலைக்கு அச்சைக் கொண்டுவந்த பின்னரே எந்தச் சுரையிலும் கைவைக்கவேண்டும்.

சில்லுகளைக் கழற்றியபோது முதியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமற் குந்தியிருந்து பார்த்தார். இரண்டு வில்களையும் மாறி மாறிப் பார்த்தார். இடப்பக்கத்து வில்லில் வளைவு நன்றாக இருந்தது. வலப்பக்கத்து வில் தளர்ந்து, ஏறத்தாழ நேராகிவிட்டிருந்தது. கீழிருந்து இரண்டாவது தகடு முறிந்தும் இருந்தது. ஒரே நாளிற் பூட்டிய வில்களாக இவை தோன்றவில்லை என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

கார் வலப்பக்கமாகச் சற்றே சரிந்து நிற்கும் என்பது குடும்பத்தில் யாவரும் அறிந்தது. புகைப்படங்களிலும் அது தெரியும். ஓட்டுபவர் வலப்பக்கத்தில் இருப்பதால் அவருடைய பாரத்தினால் வந்த சரிவு என்று எல்லோரும் எண்ணிக்கொண்டனர். பொறியியலாளர் மெலிந்த மனிதர். அவருடைய பாரம் ஒரு காரைச் சரிக்கப் போதாது என்பதை எவரும் யோசிக்கவில்லை.

கம்பித் தூரிகையால் மரைகளைத் துப்புரவாக்கி, மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஒவ்வொரு சுரையிலும் ஊற்றிவிட்டு முதியவர் வீட்டுக்குப் போய்விட்டார். இளைஞனுக்கு அது வேலையாகத் தோன்றவில்லை. மறுநாட் காலையிலும் அதையே செய்தார். மாலையில் சுரைகளைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினார். தட்டுதல் கழற்றுவதற்கன்று, கறளின் பிடியில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்தால் எண்ணெய் உட்புகும் என்பதற்காக. மூன்றாம் நாள் ஸ்பனரை வைத்தபோதும் முதலில் அவிழ்க்கும் திசையிலே திருப்பவில்லை. இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு, பிறகு அவிழ்க்கும் திசையில் ஒரு சிறு அசைவு, மீண்டும் எண்ணெய். "ஒரே பக்கமா இழுத்தா முறிஞ்சு போம் தம்பி. போக்கும் வரத்துமா அசைச்சாத்தான் வழி விடும்" என்றார்.

யூ மரையாணிகளின் எட்டுச் சுரைகளில் ஐந்து இவ்வாறு வழிவிட்டன. மற்ற மூன்றையும் இரும்பு வாளால் நெடுக்காக அறுத்துப் பிளக்கவேண்டியிருந்தது. அதிலே முதியவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. யூ மரையாணி புதிதாகப் போடக்கூடியது. எப்படியும் பழையதை மறுபடி பூட்டுவதில்லை. எது ஈடுசெய்யத்தக்கது, எது ஈடுசெய்யமுடியாதது என்று தெரிந்தவனுக்குத்தான் வாள் எடுக்க உரிமையுண்டு என்பது அவர் கருத்து. அதிர்ச்சி தாங்கிகளின் இணைப்புகளும், அச்சு அளவுக்கு மேல் தாழாமல் தடுக்கின்ற பட்டிகளும் அதிகம் சிரமம் தரவில்லை. பிறேக் எண்ணெய்க் குழாய் இழுபடாதவாறு அச்சை மெல்லத் தாழ்த்தினார்கள். பின்னுனிச் சக்கிள்களில் றப்பர் கரைந்து களியாகியிருந்தது, அவையும் வந்தன. எஞ்சியவை முன்னுனி மரையாணிகள் இரண்டு.

இடப்பக்கத்து மரையாணியில் முதியவர் ஸ்பனரை வைத்து அழுத்தினார். ஒரு சிறு முனகல். பிறகு அது திரும்பியது. சுரையை எடுத்துவிட்டுத் தட்டுக்கோலை வைத்து இரண்டு தட்டுத் தட்டியதும் ஆணி வெளியே வந்தது. அதன் உடல் முழுவதும் மெழுகுபோல் உறைந்த கருநிறக் கிறீஸ். துடைத்தபோது கீழே உருக்கு மின்னியது. பல பத்தாண்டுகளுக்கு முன்னர் யாரோ அதைக் கழற்றி, புதிய வில் பூட்டி, ஆணிக்கும் குழாய்க்கும் கிறீஸ் பூசி மீண்டும் போட்டிருக்கிறார்கள் என்பது தெளிவாயிற்று. தாங்கியைச் சுரண்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கணீரென்றது.

வலப்பக்கத்து ஆணியின் சுரை ஒருவாறு கழன்றது. ஆணி வரவில்லை. தலையைப் பிடித்துத் திருப்பினால் திரும்பியது. ஸ்பனரை விட்டதும் பழைய இடத்துக்கே மீண்டது. இளைஞன் திரும்பத் திரும்ப முயன்றான். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் போய், ஒரு பிடிவாதக்காரனைப்போல் திரும்பி வந்தது. முதியவருக்குக் காரணம் விளங்கியது. ஆணியும் அதைச் சுற்றியுள்ள உருக்குக் குழாயும் கறளால் ஒன்றாகிவிட்டன. திரும்பியது ஆணியன்று, குழாயோடு சேர்ந்து றப்பர் முறுகியது, விட்டதும் அந்த முறுக்கு அவிழ்ந்தது. தட்டுக்கோலால் அடித்தால் அடியையும் றப்பரே விழுங்கியது.

இந்த இடத்தில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. இளைஞன் கிறைண்டரால் வெட்டலாம் என்றான். அல்லது வாயுச் சுவாலையாற் சூடாக்கி றப்பரை எரித்துவிடலாம் என்றான். இரண்டும் உலகெங்கும் செய்யப்படுபவையே. ஆயின் பெற்றோல் தாங்கி காரின் பின்புறத் தளத்தின் கீழே இருக்கின்றது. இருபது வருடம் கிடந்த தாங்கி வெறுமையாயினும் அதன் ஆவி வெறுமையானதன்று. அன்றியும் கிறைண்டரின் தட்டு அந்த நெருக்கத்தில் வில்லின் வளையத்தோடு தாங்கியின் காதையும் கடித்துவிடும். வில் போகவேண்டியது, தாங்கி உடலோடு ஒட்டியது. ரீச்சரின் முடிவு முழுவதும் அந்தத் தாங்கியிலேயே தங்கியிருந்தது.

"ஐயா, கிறைண்டர் பிடிச்சா அஞ்சு நிமிசம்" என்றான் இளைஞன்.

"ஓம். அதுக்குப் பிறகு ரீச்சரிட்டை என்னத்தைச் சொல்லப்போறம்? தாங்கி உக்கிப் போச்செண்டா, நாங்கள் வெட்டினதோ கறள் தின்டதோ?"

இதற்கு இளைஞனிடம் மறுமொழி இருக்கவில்லை. தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் ஓர் ஆணியை முறித்துவிட்டால் வேறோர் ஆணி கிடைக்காது. கழற்றிய ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, பேணியில் இட்டு, மறுபடி பூட்டும் வரை கண்போற் காத்த காலம் அது. முதியவரின் பொறுமை இயல்பாக வந்த குணமன்று. இல்லாமை பழக்கிய குணம்.

அவர் கண்ட வழி மிகவும் எளியது. வில்லின் வளையத்துக்கும் தாங்கியின் காதுக்கும் இடையே, றப்பர் சற்றுப் பிதுங்கி நிற்பதால், இரும்பு வாளின் அலகு ஒன்று நுழையுமளவுக்கு ஓர் இடுக்கு உண்டு. சட்டத்தோடு வாள் அங்கே போகாது. வெறும் அலகை எடுத்து, ஒரு முனையிற் சீலை சுற்றி, கையாற் பிடித்து அந்த இடுக்கில் அறுப்பது. முதலில் றப்பர், பிறகு குழாய், பிறகு ஆணி. ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். இரண்டு பக்கமும் அறுபட்டால் வில் தானாக இறங்கும். தாங்கியின் காதுகளில் எஞ்சும் துண்டுகளைப் பின்னர் தனித்தனியே எடுக்கலாம்.

அந்த அறுப்பு இரண்டு நாள் எடுத்தது. படுத்த நிலையில், கை ஒரு சாணுக்கு மேல் அசைய இடமில்லாமல், ஆளுக்குப் பதினைந்து நிமிடமாக மாறி மாறி அறுத்தார்கள். ஆறு அலகுகள் முறிந்தன. கறட்தூள் கண்ணிமையிலும் மூக்கிலும் படிந்தது. முதல் நாள் மாலை இளைஞன் கிணற்றடியிற் கை கழுவும்போது ரீச்சர் தேநீரோடு வந்தார். பேச்சுக்குப் பேச்சாக அவன் கேட்டான்:

"பெரியம்மா, பெரியப்பா காரின்ரை பின் ஸ்பிறிங் எப்பவாவது மாத்தினவரே? இடப்பக்கத்து ஆணியிலை கிறீஸ் பூசியிருக்கு. வலப்பக்கத்திலை ஒண்டுமே இல்லை."

ரீச்சர் உடனே பேசவில்லை. தேநீர்க் கோப்பையைக் கிணற்றுக்கட்டில் வைத்தார்.

பிறகு சொன்னார். 1977க்குப் பின்னர் இறக்குமதி இலகுவானதும், இங்கிலாந்திலிருந்து ஒரு சோடி வில்களைப் பொறியியலாளர் வரவழைத்தார். கராச்சுக்குக் கொடாமல் தம் கையாலேயே மாற்றவேண்டும் என்பது அவருடைய விருப்பம். வேலை செய்ய விடுமுறை நாட்களே கிடைத்தன. ஒரு வார இறுதிக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டார். இடப்பக்கத்தை முடித்து, சில்லைப் பூட்டி, காரைக் கொட்டிலில் விட்டு, கிடுகால் வாசலை மறைத்த நாள் 1983 யூலை 24, ஞாயிற்றுக்கிழமை. வலப்பக்கம் அடுத்த சனிக்கிழமைக்கு என்று இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை நடந்தவற்றை இலங்கையில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. வீட்டின் முன்னறை எரிந்தது. பின்புறக் கொட்டிலை வந்தவர்கள் கவனிக்கவில்லை. குடும்பம் முதலிற் பக்கத்து வீட்டிலும், பின்னர் அகதி முகாமிலும் இருந்து, கப்பலிற் காங்கேசன்துறைக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, உத்தியோகத்துக்காக அவர் திரும்பி வந்தார், முன்னறையைக் கட்டினார், காரையும் ஓட்டினார். வலப்பக்கத்து வில்லை மட்டும் அவர் தொடவில்லை.

"கேட்டால், பிறகு பாப்பம் எண்டுவார். பிறகு நானும் கேட்கிறதை விட்டிட்டன்" என்றார் ரீச்சர். சற்று நின்று, "மற்ற ஸ்பிறிங் பரணிலை கிடக்கவேணும்" என்றார்.

பரணிற் கிடந்தது. சாக்கிற் சுற்றி, கயிற்றாற் கட்டி, உள்ளே தடித்த கிறீஸ் பூச்சோடு. நாற்பது ஆண்டு கடந்தும் தகடுகளில் ஒரு பொட்டுக் கறள் இல்லை. சோடியின் மற்றப் பாதி இருபது ஆண்டு ஓடி, இருபது ஆண்டு நின்று கறுத்துப்போயிருக்க, இது பெட்டியிலிருந்து எடுத்த அன்றைய நிறத்திலேயே இருந்தது. முதியவர் அதைக் கையில் வாங்கி நிறுப்பவர்போல் சிறிது நேரம் வைத்திருந்தார். தம்முடைய கராச்சில் 1995இல் எந்தெந்த வேலை எந்தெந்த நிலையில் விடப்பட்டது என்று அவர் அப்போது எண்ணியிருக்கலாம். அவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஒரு மனிதர் ஏன் பாதி வேலையை முடிக்காமல் விட்டார் என்பதற்கு விடை சொல்ல இன்று அவரில்லை. நேரமின்மை என்று கொள்ளலாம். மனமின்மை என்றும் கொள்ளலாம். எரிந்த முன்னறையைக் கட்டி முடித்தவருக்கு ஒரு வில்லைப் பூட்ட இயலாமற் போனது என்பது நம்பத்தக்கதன்று. அந்த வேலையைத் தொடுவதென்றால் அது நின்றுபோன நாளையும் தொடவேண்டும். அதைத் தவிர்த்துக்கொண்டே பதினெட்டு ஆண்டுகள், வலப்பக்கம் ஓரங்குலம் சரிந்த காரில், சரிந்த பக்கத்தில் அமர்ந்து அவர் அலுவலகம் போய்வந்தார். கிறீஸ் பூசப்படாத ஆணியைக் கறள் தன்போக்கிற் பற்றிக்கொண்டது. அது யாரையும் பழிவாங்கவில்லை. விடப்பட்ட இடத்தை நிரப்பிற்று, அவ்வளவே.

இரண்டாம் நாட் பிற்பகல் மறுபக்க அறுப்பும் முடிந்தது. வில் சற்றே அசைந்து, ஜக்கின்மேல் இறங்கியது. எல்லோரும் பார்க்க விரும்பியது இனித்தான் தெரியவேண்டும். தாங்கியின் இரண்டு காதுகளிலும் எஞ்சிய ஆணித்துண்டுகளைத் தட்டியெடுத்து, கம்பித் தூரிகையால் இளைஞன் தேய்த்தான். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ரீச்சர் கொட்டில் வாசலிற் கதிரை போட்டு அமர்ந்திருந்தார். முதியவர் திருப்புளியின் முனையை வைத்து ஒவ்வோர் இடமாக அழுத்தினார், சுத்தியலால் தட்டினார். தாங்கியின் காதுகள் கணீரென்றன. தாங்கிக்கு மேலே, உள்ளங்கையளவு இடத்தில், தளத்தகடு மட்டும் தொம்மென்றது. திருப்புளி அதனூடே போயிற்று.

முதியவர் எதையும் மறைக்கவில்லை. "ரீச்சர், தாங்கி பிழையில்லை. மேல் தகட்டிலை ஒரு துண்டு உக்கிப் போச்சு. வெட்டி எடுத்திட்டுப் புதுத்தகடு வைச்சு ஒட்டவேணும். ஒட்டலாம்" என்றார்.

"ஒட்டினா நிக்குமோ?"

"ஈரம் போகாமல் பூசி வைச்சா நிக்கும்."

தாங்கி உக்கியிருந்தால் விற்பது, இல்லையென்றால் வைத்திருப்பது என்று ரீச்சர் வகுத்திருந்த விதிக்குள் இந்த விடை முழுமையாக அடங்கவில்லை. உக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. உக்கிவிட்டது என்றும் சொல்லமுடியாது. வாழ்க்கை தருகின்ற விடைகள் பெரும்பாலும் இத்தகையவையே. அவர் அன்று மாலையே கனடாவுக்குப் பேசினார். என்ன பேசினார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. மறுநாள் ஒட்டுவேலை செய்பவரை அழைத்துவரச் சொன்னார். பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே எடுத்த பின்னர், பழுதான துண்டு வெட்டி நீக்கப்பட்டுப் புதுத்தகடு ஒட்டப்பட்டது. வெள்ளீய நிறப் பூச்சும் அதன்மேல் கரிய தடிப்பூச்சும் பூசப்பட்டன.

பரணிலிருந்து இறங்கிய வில்லைப் பூட்டும் வேலையை முதியவர் இளைஞனிடமே விட்டார். புதிய றப்பர் புஷ், புதிய மரையாணி. அவன் ஆணியைச் செருகப்போனபோது மட்டும் கையைப் பிடித்து நிறுத்தி, கிறீஸ் பேணியைக் காட்டினார். குழாயின் உட்புறத்திலும் ஆணியின் உடலிலும் இடைவெளியின்றிப் பூசுவித்தார். இவ்வளவு வேண்டுமா என்று அவன் கேட்டான். கிறீஸ் பூசாவிட்டாலும் கார் ஓடும். இன்றைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அது இன்றைக்காகப் பூசுவதன்று என்றார் அவர். "அடுத்ததாக் கழட்டுறவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியாது. அவன்ரை கைக்கு நாங்கள் செய்யிற உபகாரம் இது."

இடப்பக்கத்தில் அந்த உபகாரத்தைச் செய்தவர் பொறியியலாளர். நாற்பது ஆண்டுகளின் பின்னர் அதைப் பெற்றுக்கொண்டவன், அவர் கண்டிராத ஓர் இளைஞன். வலப்பக்கத்தில் அவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கிடைத்தபோது அவரால் இயலவில்லை. பூட்டுகின்ற எவனும் கழற்றப்போகின்றவனுக்குக் கடிதம் எழுதிவைப்பதில்லை. ஆயினும் அவன் எப்படிப் பூட்டினான் என்பது கழற்றுகின்றவனுக்குத் தெரிந்துவிடுகின்றது: அவசரமாகப் பூட்டினானா, ஆறுதலாகப் பூட்டினானா, தனக்குப்பின் ஒருவன் வருவான் என்று எண்ணினானா என்பதெல்லாம். கலைக்கழகங்களில் ஏடுகளைப் பிரித்துப் படிக்கின்றவர்களுக்கும் இந்த அனுபவம் புதிதன்று.

காரைத் தாங்குகால்களிலிருந்து இறக்கிய அன்று அது நேராக நின்றது. ஒழுங்கையின் பழைய குடியினர் சிலர் வந்து பார்த்துவிட்டு, ஏதோ மாறியிருக்கின்றது என்றார்கள். என்னவென்று அவர்களால் உடனே சொல்லமுடியவில்லை. என்ஜினில் வேலை இன்னும் மிச்சமிருந்தது. கார் வீதிக்கு வருவதற்கு மாதங்கள் செல்லும் என்று முதியவர் சொன்னார். ரீச்சர் அவசரப்படவில்லை. வழக்கம்போல் இடப்பக்கக் கதவைத் திறந்து, தம்முடைய ஆசனத்தில் அமர்ந்தார். வலப்பக்கமாகச் சாயாதிருப்பதற்கு அந்த ஆசனத்தில் அவர் நெடுங்காலமாகக் காலை ஊன்றிக்கொள்வது வழக்கம். இப்போதும் அவர் கால் தானாகவே ஊன்றிக்கொண்டது. பிறகு அதற்குத் தேவையில்லை என்பதை உணர்ந்து மெல்லத் தளர்த்தினார்.